நுனி வீங்கும் பன்னிரண்டாம் நிமிடம்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் குழலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஏதோ புல்லாங்குழல் வாசிக்கிறவள் போல என்று நினைத்துக்கொண்டு புதிதாக வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பூஞ்சையின் செல்லுக்குள் நீளவாக்கில் ஓடும் நுண்குழல்களோடு அவள் பதினோரு வருடமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். பூஞ்சைக்கான தீனியைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றித் தருகிற ஊழியர், அவரை எல்லோரும் தட்டண்ணன் என்பார்கள், அவர்தான் அவளுக்கு இந்தப் பேரை வைத்தார். ஒட்டிக்கொண்டது.

ரொட்டியில் படர்கிற பூஞ்சை நூல் நூலாக வளரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நூல் நடுவில் நீளாது, அடியிலும் நீளாது, நுனியில் மட்டும்தான் நீளும் என்பது பலருக்குத் தெரியாது. நுனியில் புதுச் சுவர் எழும்ப வேண்டுமென்றால், அதற்கான சரக்கு சின்னச் சின்னப் பைகளில் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே செல்லுக்குள் ஒரு சட்டகம் இருக்கிறது. தூரத்துப் பயணத்துக்கு நுண்குழல்கள். நுனிக்குக் கிட்டே வந்ததும் ஆக்டின் என்கிற மெல்லிய நார்கள். இரண்டில் எது முக்கியம் என்று யாராவது குழலக்காவிடம் கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பாள். மருந்து விட்டு நுண்குழலைக் கலைத்தால் இழையின் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும், நுனி வெங்காயம் மாதிரி வீங்கிவிடும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் படத்தோடு கட்டுரை எழுதியவள் அவள். பிற ஊர்களில் பாடம் நடத்துகிறவர்கள்கூட அந்தப் படத்தைக் காட்டித்தான் நடத்தினார்கள்.

தம்பி மனைவியை அதே ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதும் அவள்தான். யாரும் அவளைக் கேட்கவில்லை. தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணமான புதிதில், படித்த பெண் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வருத்தப்பட்டான். குழலக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. பேராசிரியரிடம் நான் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றாள். சொன்னாள். நடந்தது. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான் என்று பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டாள்.

வந்த பெண்ணுக்கு ஆக்டின் நார்களைப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஆக்டின் பச்சையாக மின்னும்படி ஒரு பூஞ்சை வகையை அவள் இரண்டே மாதத்தில் உருவாக்கிவிட்டாள். குழலக்காவுக்கு நுண்குழலைச் சிவப்பாக மின்ன வைக்க ஒன்றரை வருடம் பிடித்திருந்தது. போதாக்குறைக்கு அந்தப் பெண்ணுக்குக் கை ராசி வேறு. அவள் தட்டில் வேண்டாத கிருமி விழாது. அவள் ஸ்லைடில் காற்றுக் குமிழ் வராது. மைக்ரோஸ்கோப்பில் அவள் எடுத்த முதல் படத்தைப் பேராசிரியர் அச்சடித்து நடைபாதைச் சுவரில் மாட்டினார்: கறுப்புப் பின்னணியில் ஓர் இழை, அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் சட்டைக் காலர் மாதிரி ஒரு பச்சை வளையம். அந்த இடத்தில் அதுவரை குழலக்காவின் படம் இருந்தது. அதைக் கழற்றி எறியவில்லை, பக்கத்தில் நகர்த்தி மாட்டினார்கள். ஆனால் பக்கத்தில் இருந்தது தீயணைப்புக் கருவி. அதன் சிவப்பு உருளை படத்தில் பாதியை மறைத்தது.

வீட்டிலும் அதே பாட்டு. அம்மா தம்பியோடு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனால், மருமகள் கைபட்டால் கல்லும் முளைக்கும் என்பாள். "நீ அங்க இத்தனை வருஷமா இருக்க. ஒரு நாளாவது இப்படிப் புரியுற மாதிரி சொல்லியிருக்கியாடி? அவ எனக்கு விரலைக் காட்டியே பூஞ்சை எப்படி வளருதுன்னு சொல்லிட்டா" என்று ஒருநாள் சொன்னபோது, குழலக்கா தட்டில் இருந்ததை முடிக்காமலே கை கழுவ எழுந்தாள். புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். திரும்பி வரும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "உனக்கு உடம்புக்கு என்ன?" உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். அது பொய்யுமில்லை. வயிறு எரிவதற்கு டாக்டரிடம் மாத்திரை இருக்கிறது. இந்த எரிச்சலுக்கு இல்லை.

அவளுக்கே தன்னைப் பிடிக்காமல் போனது. அந்தப் பெண்ணிடம் குறை கண்டுபிடிக்கக்கூட வழியில்லை. அண்ணி அண்ணி என்று காலைச் சுற்றியது. டீ போட்டால் இரண்டு கோப்பையாகப் போட்டது. ஒரு தலைக்கனம் இருந்திருந்தால் குழலக்கா நிம்மதியாக வெறுத்திருப்பாள்.

நான்காவது மாதம் அந்தப் பெண் ஆக்டின் நார்களைக் கட்டாகக் கட்டிவைக்கிற ஒரு புரதத்தைப் பூஞ்சையிலிருந்து நீக்கினாள். நீக்கிய பூஞ்சையை லேசர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது, சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் பச்சைக் காலர் சிதறியது, இழை நின்றது, நுனி உருண்டு வீங்கியது. எட்டு இழையில் எட்டும் அப்படியே. அவள் ஓடிவந்து குழலக்காவைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திரையைக் காட்டினாள்.

"பாருங்க அண்ணி. ஒரே ஒரு புரதம்தான். அது இல்லன்னா மொத்தமும் நின்னுபோகுது."

குழலக்கா பார்த்தாள். அந்த வீக்கத்தை அவளுக்குத் தெரியும். உள்ளங்கை ரேகை மாதிரி தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த மைக்ரோஸ்கோப்பு வந்த புதிதில், அவளுடைய இழைகளும் இப்படித்தான் ஒன்றுவிடாமல் வீங்கின. ஏழு மாதம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் காரணம் பிடிபட்டது. புரதமும் இல்லை, மருந்தும் இல்லை, லேசர் வெளிச்சம்தான். அவ்வளவு வெளிச்சத்தைப் பன்னிரண்டு நிமிடம் பாய்ச்சினால் எந்தப் பூஞ்சையின் நுனியும் வெந்து வீங்கும். வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒன்றும் ஆகாது.

புரதம் நீக்காத சாதாரணப் பூஞ்சையையும் இதே லேசரில் வைத்துப் பார்த்தாயா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அந்தப் பெண் அதைப் பழைய மைக்ரோஸ்கோப்பில், சாதா விளக்கில் படம் பிடித்திருந்தாள் என்பது குழலக்காவுக்குத் தெரியும். கேள்வி நாக்கு நுனி வரை வந்தது.

"நல்லா இருக்கு" என்றாள்.

"நிஜமாவா அண்ணி?"

"பேராசிரியர்கிட்ட காட்டு. மாசக் கூட்டத்துல நீயே பேசு."

கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் குழலக்காவுக்கு நன்றாகப் பசித்தது. அம்மா மருமகள் புகழ் பாடினால் கூடச் சேர்ந்து தலையாட்டினாள். புருஷன்கூட முகம் தெளிந்திருக்கிறதே என்றார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் அவள் நினைத்தது உண்மை. ஒவ்வொரு நாளும் நடைபாதையில் அந்தத் தீயணைப்புக் கருவியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

கூட்டத்துக்குப் பக்கத்துத் துறைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் தட்டண்ணன் சுவரோரம் நின்றார். அந்தப் பெண் அருமையாகப் பேசினாள். வீங்கும் படங்கள் ஓடியபோது பின்வரிசையில் யாரோ விசிலடிக்காத குறை. கேள்வி உண்டா என்று பேராசிரியர் கேட்டார். குழலக்கா கையைத் தூக்கினாள். கை தூக்கும்வரை என்ன கேட்கப்போகிறோம் என்று அவளுக்கே முடிவில்லை என்றுதான் பின்னால் தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

"சாதாரணப் பூஞ்சையை இதே வெளிச்சத்துல வச்சுப் பாத்தீங்களா?"

தம்பி மனைவியை அவள் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண் இல்லை என்றாள். குழலக்கா வெளிச்சத்தின் அளவைக் கேட்டாள். அவள் சொன்னாள். இந்த அளவில் கல்லைத் தவிர எல்லாம் வீங்கும் என்றாள் குழலக்கா. சிலர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, திரையையும் குழலக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பெண் கையிலிருந்த காகிதங்களை அடுக்கினாள், மறுபடி அடுக்கினாள், நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

குழலக்கா எதிர்பார்த்த குளிர்ச்சி வரவில்லை. நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் அணைய வேண்டும். இது எண்ணெய் மாதிரி குப்பென்றது. மறுநாள் தம்பி போன் செய்தான். கத்தவில்லை. "வீட்டுல சொல்லியிருக்கலாமே அக்கா. பக்கத்து பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க" என்றான். கூட்டத்தில் படத்தைப் பார்க்கும்போதுதான் தோன்றியது என்று அவள் புளுகினாள். சரி என்று வைத்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போக அவளுக்குக் கால் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

அந்தப் பெண் அழுது பார்த்தவர் யாருமில்லை. வெளிச்சத்தைக் குறைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினாள். மங்கலான வெளிச்சத்தில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். பொறுமையாக ஒவ்வொன்றையும் சேர்த்துப் பார்த்தாள். டீ இரண்டு கோப்பைதான் போட்டாள். ஆனால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள்.

ஐந்து வாரம் கழித்துப் பேராசிரியர் அறையிலிருந்து சத்தம் கேட்டுக் குழலக்கா எட்டிப் பார்த்தாள். திரையில் புரதம் நீக்கிய இழை. வீக்கம் இல்லை. ஆனால் நேராகவும் போகவில்லை. கொஞ்ச தூரம் வளர்ந்தது, பச்சைக் காலர் கலைந்தது, இழை திகைத்து நின்றது; பிறகு காலர் சற்றே பக்கவாட்டில் மறுபடி கூடியது, இழை அந்தப் பக்கம் திரும்பி வளர்ந்தது. இப்படி வளைந்து வளைந்து ஒரு கோணல் பாதை. சாதாரணப் பூஞ்சை, பக்கத்துக் கட்டத்தில், அதே மங்கல் வெளிச்சத்தில், கம்பி மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. காலர் எங்கே கூடுகிறதோ அங்கேதான் நுனி. அதை இவ்வளவு தெளிவாக யாரும் காட்டியதில்லை. முன்பு எடுத்த வீக்கம் இதற்குக் கால் தூசு பெறாது.

தான் பறித்த குழியில் அவள் புதையல் எடுத்துவிட்டாள் என்று குழலக்காவுக்குத் தோன்றியது. பேராசிரியர் இவளைப் பார்த்து, உங்க கேள்விதான் இதுக்கெல்லாம் ஆரம்பம் என்று பாராட்டினார். அந்தப் பாராட்டு நெருஞ்சி முள்ளாக உள்ளே போனது.

மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அந்தப் பெண் குழலக்காவின் மேசைக்கு வந்தாள். கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம். மைக்ரோஸ்கோப்பு அறை அலமாரியின் அடித்தட்டில், பழைய ஸ்லைடு பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது என்றாள். விரித்து வைத்தாள். குழலக்காவின் கையெழுத்து. 'வீக்கத்துக்குக் காரணம் வெளிச்சம்தான். பன்னிரண்டு நிமிடம். ஏழு மாதம் வீண்.' கீழே தேதி.

"அன்னைக்குக் கூட்டத்துல தோணுச்சுன்னு உங்க தம்பிகிட்ட சொன்னீங்களாம்" என்றாள் அந்தப் பெண்.



"நான் உங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினேனே அண்ணி. அன்னைக்கே தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"ஏன்?"

என்ன சொல்வது? பதினோரு வருடம் என்று சொல்லலாம். தீயணைப்புக் கருவி என்று சொல்லலாம். கேட்பதற்கு எவ்வளவு அற்பமாக இருக்கும். "பொறாமைதான்" என்றாள் குழலக்கா. சொல்லி முடித்ததும் காதெல்லாம் சூடேறியது. "வேற ஒண்ணும் இல்ல. உன் மேல தப்பே இல்ல."

 அந்தப் பெண் போகிறவள் மாதிரி திரும்பி, மறுபடி நின்றாள். "இன்னொண்ணும் கேக்கணும். இந்தத் தேதி உங்க கட்டுரைக்கு ரெண்டு வருஷம் பின்னாடி. அப்போ அந்தக் கட்டுரையில இருக்கிற வீக்கம்?"

அந்த மைக்ரோஸ்கோப்பு இல்லை, அதற்கு முந்தியது என்று குழலக்கா சட்டென்று சொன்னாள். ஆனால் முந்தியதிலும் சாதா விளக்கோடு, சிவப்பை மின்ன வைக்கிற பலமான விளக்கு ஒன்றும் இருந்தது. நுண்குழலைக் கலைக்கிற மருந்தை அப்போது தாராளமாகவே ஊற்றியிருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த நோட்டில் எழுதிய அன்றே இந்தக் கேள்வி அவளுக்குள்ளும் எழுந்தது. எழுந்ததால்தான் நோட்டு ஸ்லைடு பெட்டிகளுக்குப் பின்னால் போனது. அதை யாரிடமும் சொன்னதில்லை, புருஷனிடம்கூட. தம்பி மனைவியிடம் வாயடைத்துப்போனது வெறும் பொறாமையால் மட்டுமில்லை, வெளிச்சத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அது தன் வாசலுக்கும் வரும் என்ற பயத்தாலும்தான் என்று அந்த நிமிடத்தில் அவளுக்கே விளங்கியது.

அன்று சாயங்காலம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, லிஃப்ட்டில் கோளாறு இருக்கிறது என்று தெரிந்தும் பலகை மாட்டாமல் போனால் எங்கள் வேலையில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்றார். திட்டுகிறாரா ஆறுதல் சொல்கிறாரா என்று தெரியவில்லை. பிறகு, "பாத்துடு. என்னதான் இருக்குன்னு பாத்துடு" என்றார்.

காலையில் அவள் முதலில் போனது பேராசிரியரிடம். கூட்டத்தில் நடந்தது திட்டமிட்டது, மூன்று வாரம் முன்பே தெரியும் என்று சொன்னாள். அவர் வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடினார். "இதை என்கிட்ட சொல்றதைவிட அவங்ககிட்ட சொல்றதுதான் முக்கியம்" என்றார். சொல்லிவிட்டேன் என்றாள். "பழைய சோதனையைத் திரும்பச் செய்யணும். குறைஞ்ச வெளிச்சம், குறைஞ்ச மருந்து" என்றாள். யாரோடு என்று அவர் கேட்டார். மங்கல் வெளிச்சத்தில் படம் எடுக்கத் தெரிந்தவள் அந்த ஆய்வகத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

அந்தப் பெண் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் உடனே சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து மைக்ரோஸ்கோப்பு அறையின் நேரப் பலகையில் செவ்வாய் காலைக் கட்டத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் 'அண்ணி' என்று எழுதினாள்.

செவ்வாய் காலை இருவரும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து மின்னும் பூஞ்சையில் குழலக்கா மருந்தைச் சொட்டாக விட்டாள். திரையில் சிவப்பு நுண்குழல்கள் நான்கு நிமிடத்தில் மங்கி, துண்டு துண்டாகி, இல்லாமல் போயின.  நில், நில் என்று மனசுக்குள் இழையிடம் கெஞ்சினாள். இழை நிற்கவில்லை. வேகம் பாதியாகக் குறைந்தது, ஆனால் வளர்ந்தது. பன்னிரண்டாவது நிமிடம் தாண்டியது, நுனி வீங்கவில்லை. நுனியில் பச்சைக் காலர் அப்படியே இருந்தது. ஆனால் போக்கு மாறியது. குடித்தவன் நடப்பதுபோல இடமும் வலமும் மெல்ல அலைந்தது. ஒரு கட்டத்தில் வந்த வழியைப் பார்த்தே திரும்பியது.

ஆறு வருடப் பேரும் புகழும் அந்தத் திரையில் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தன. அழுகை வரும் என்று அவள் நினைத்தாள். வந்தது வேறு.

"வளர்ச்சிக்கு இல்ல" என்றாள் மெதுவாக. "திசைக்கு. நுண்குழல் திசையைப் பிடிச்சு வைக்குது. நுனியைக் கட்டுறது உன் ஆக்டின்."

"அப்போ என் இழையும் கோணலாப் போகுதே?"

"உன்னது வேற கோணல். நின்னு நின்னு, வெட்டு வெட்டாத் திரும்புது. இது நிக்கவே இல்ல, அலையுது. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டை மறந்தார்கள். தட்டண்ணன் இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டு, நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் உள்ளே ஒருத்தியை ஒருத்தி கொன்றுவிட்டார்களா என்று பக்கத்து அறையில் விசாரித்ததாகப் பின்னால் தெரிந்தது.

பத்திரிகைக்குத் திருத்தக் கடிதத்தைக் குழலக்காவே எழுதினாள். மருந்து அதிகம், வெளிச்சம் அதிகம், முடிவு தவறு என்று மூன்றே வரியில் எழுதினாள். எழுத ஒரு வாரம் ஆனது. புதுக் கட்டுரை அடுத்த வருடம் வந்தது. முதல் பெயர் அந்தப் பெண்ணுடையது, இரண்டாவது குழலக்காவுடையது. அச்சில் அந்த வரிசையைப் பார்த்தபோது எரிந்தது. சந்தேகமே வேண்டாம், பழைய எரிச்சல்தான், அதே இடத்தில்.

தம்பி மறுபடி பேச ஆறு மாதம் ஆனது. பேசினான், ஆனால் முன்னே மாதிரி கிண்டல் செய்யவில்லை. அது இன்றுவரை திரும்பவில்லை. அதை அவள் கேட்டு வாங்கவும் முடியாது.

கட்டுரை வந்த வாரம் ஒருநாள், ஸ்லைடு கழுவிக்கொண்டிருந்தபோது, குழலக்கா தானாகச் சொன்னாள்: "எனக்கு இன்னும் எரியத்தான் செய்யுது. போயிடுச்சுன்னு நினைச்சுக்காத."

"தெரியும் அண்ணி" என்றாள் அந்தப் பெண், தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல். "எரிஞ்சா சொல்லிடுங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

அதற்குப் பிறகு செவ்வாய்க் கிழமைகளில் அவர்கள் சேர்ந்து வேலை செய்தார்கள், மற்ற நாட்களில் தனித்தனியாக. புதிதாக ஒரு கேள்வியைக் குழலக்கா எடுத்துக்கொண்டாள்: கலைந்த நுண்குழல்கள் மருந்தைக் கழுவியதும் எங்கிருந்து மறுபடி முளைக்கின்றன என்று. முதல் படம் மோசமாக வந்தது, ஒரே காற்றுக் குமிழ். அவள் அதைத் துடைத்துவிட்டு இன்னொரு ஸ்லைடு எடுத்தாள்.